உடைக்கும் நாளை மனத்தில் வைத்துக் கப்பலை வடிவமைப்பது: முழுமையான வழிகாட்டி

2023 பிப்ரவரி 3 அன்று பிரேசில் கடற்படை தன்னுடைய பழைய விமானந்தாங்கிக் கப்பலான சாவ் பாவ்லோவை அட்லாண்டிக் கடலில், சுமார் 5,000 மீட்டர் ஆழமுள்ள இடத்தில், தானே மூழ்கடித்தது. பிரான்ஸில் ஃபோஷ் என்ற பெயரில் கட்டப்பட்டு 2000-இல் பிரேசிலுக்கு விற்கப்பட்ட கப்பல் அது. 2022-இல் உடைப்பதற்காகத் துருக்கியின் அலியாகா துறைமுகத்துக்கு இழுத்துச் சென்றார்கள். வழியிலேயே துருக்கி அனுமதியை ரத்து செய்தது. கப்பலுக்குள் எவ்வளவு கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கிறது என்பதை நம்பும்படி யாராலும் சொல்ல முடியவில்லை. கணக்கெடுத்தவர்களால் கப்பலின் ஒரு பகுதியைத்தான் பார்க்க முடிந்திருந்தது. அதே வகுப்பைச் சேர்ந்த கிளெமான்சோவும் 2006-இல் குஜராத்தின் அலங் கடற்கரைக்கு வரும் வழியில் இதே கல்நார்ப் பிரச்சினையால் பிரான்ஸுக்குத் திருப்பி அழைக்கப்பட்டது. கிளெமான்சோவை இங்கிலாந்தில் முறையாக உடைத்தார்கள். சாவ் பாவ்லோவின் எஃகு முழுவதும், அதனுள் இருந்த நஞ்சும் சேர்ந்து, கடலடிக்குப் போய்விட்டது.

இந்தக் கதையில் தவறு உடைப்புத் தளத்தில் நடக்கவில்லை, கப்பலை வரைந்த மேசையில் நடந்தது. அந்தக் காலத்தில் கல்நார் சட்டப்படி சரியான பொருள்தான். ஆனால் எந்தச் சுவருக்குள், எந்தப் பைப்பைச் சுற்றி, எவ்வளவு வைத்தோம் என்பது கப்பலோடு சேர்ந்து பயணம் செய்யவில்லை.

ஒரு சரக்குக் கப்பல் ஏறத்தாழ 25 ஆண்டு உழைப்பதற்காக வடிவமைக்கப்படுகிறது. அதற்குள் உரிமையாளர் மாறுவார், பெயர் மாறும், பதிவு செய்த நாடும் அதன் கொடியும் மாறும். கடைசிப் பயணத்துக்கு முன்பு ரொக்கம் கொடுத்து வாங்கும் இடைத்தரகர் கைக்குப் போய், இன்னொரு முறையும் கொடி மாறும். கொரியாவிலோ ஜப்பானிலோ வரைந்த பொறியாளரின் முடிவு, அலங்கிலோ வங்கதேசத்தின் சட்டோகிராமிலோ பாகிஸ்தானின் கடானியிலோ கேஸ் கட்டரைப் பிடித்திருக்கும் ஒரு தொழிலாளியின் நுரையீரலில் போய் முடிகிறது. இருவரும் சந்திக்கப் போவதே இல்லை. ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கும்: கையில் ஒரு காகிதம்கூட இல்லாமல் வெட்ட வரும் ஆளுக்கும் இந்தக் கப்பல் பாதுகாப்பானதாக இருக்குமா?

கப்பல் வடிவமைப்பு மாணவர்கள், கப்பல் கட்டும் தளங்களின் வடிவமைப்புக் குழுக்கள், புதிய கப்பலுக்கு ஆர்டர் கொடுப்பவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன்.

முதல் படி: கப்பல் எப்படி உடைகிறது என்று நேராகப் பாருங்கள்

பெரும்பாலான வடிவமைப்பாளர்கள் உடைப்புத் தளத்தைப் பார்த்ததே இல்லை. அலங் இருக்கும் காம்பே வளைகுடாவில் ஓத ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே 10 மீட்டர் அளவுக்கு வித்தியாசம் உண்டு. 1983-இல் அலங்கில் இந்தத் தொழில் தொடங்கியதற்கு அதுவே காரணம். பெரிய ஓதம் வரும் நாளில் கப்பலை முழு வேகத்தில் கரையை நோக்கி ஓட்டி, முகப்பு மணலில் ஏறி நிற்கும்படி செய்கிறார்கள். பிறகு வெட்டுவது முகப்பிலிருந்து தொடங்கிப் பின்பக்கம் நகரும். வெட்டிய துண்டை வின்ச்சால் மேலே இழுத்து, அங்கே மறுபடி சிறு துண்டுகளாக வெட்டுகிறார்கள். எல்பிஜியும் ஆக்சிஜனும்தான் முக்கியக் கருவி. நல்ல பிளேட்டுகள் உருக்கப்படாமலேயே சூடாக்கி உருட்டப்பட்டுக் கட்டுமானக் கம்பிகளாகின்றன. அலியாகாவில் முகப்பு மட்டும் தரை தட்ட, பின்பகுதி தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கும். ஐரோப்பாவின் சில தளங்களில், கப்பலை உள்ளே விட்டுத் தண்ணீரை வெளியேற்றும் உலர்துறையில் வைத்து உடைக்கிறார்கள்.

இதிலிருந்து வடிவமைப்பாளருக்கு உடனே இரண்டு விஷயங்கள் கிடைக்கின்றன. பெரும்பாலான சரக்குக் கப்பல்களில் எஞ்சின் அறை, தங்கும் அறைகள், எரிபொருள் டேங்குகள் ஆகிய மூன்றும் பின்பக்கத்தில் இருக்கின்றன. நச்சுப் பொருள்களில் பெரும்பங்கும் அங்கேதான். வெட்டு அங்கே வந்து சேர்வதற்கு மாதங்கள் ஆகும். அதற்குள் அவற்றை வெளியே எடுப்பதற்கு வழி இருக்க வேண்டும். இரண்டாவது, முகப்பை வெட்ட வெட்டக் கப்பலின் எடையும் மிதப்பும் பலமும் மாறிக்கொண்டே போகும். கட்டும்போது ஒவ்வொரு கட்டத்துக்கும் பலக் கணக்குப் போடுகிறோம். அதே கணக்கைத் தலைகீழ் வரிசையில் ஒருமுறை போட்டு வைப்பதற்குச் சில நாள் வேலைதான்.

இரண்டாம் படி: ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்

வடிவமைப்பாளரின் நல்லெண்ணம் மட்டும் போதாது. கட்டுமான விவரக்குறிப்பில் எழுதப்படாத எதையும் கப்பல் கட்டும் தளம் செய்யாது.

சட்ட அடித்தளம் இப்போது இருக்கிறது. 2009 மே மாதம் ஏற்கப்பட்ட ஹாங்காங் உடன்படிக்கை, 2025 ஜூன் 26 அன்று நடைமுறைக்கு வந்தது. 500 மொத்த டன் அளவுக்கு மேற்பட்ட, சர்வதேசப் பயணம் செய்யும் கப்பல்களுக்கு இது பொருந்தும். இந்தியா 2019-இல் சேர்ந்தது. அதே ஆண்டில் கப்பல் மறுசுழற்சிச் சட்டத்தையும் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. உடன்படிக்கையின் உயிர்நாடி, கப்பலில் உள்ள அபாயப் பொருள்களின் பட்டியல். தொழிலில் ஐ.எச்.எம். என்று சொல்வார்கள். அதன் முதல் பகுதி கப்பலின் அமைப்பிலும் கருவிகளிலும் உள்ள பொருள்களைப் பற்றியது. எங்கே, எவ்வளவு என்று சொல்ல வேண்டும். இயக்கத்தில் சேரும் கழிவுகள் இரண்டாம் பகுதி. கப்பலின் சொந்தப் பயன்பாட்டுக்காக வைத்திருக்கும் இருப்புப் பொருள்கள் மூன்றாம் பகுதி. கடைசி இரண்டையும் உடைப்பதற்கு முன்புதான் தயாரிப்பார்கள். முதல் பகுதி புதிய கப்பலுக்குப் பிறக்கும்போதே வேண்டும்.

கல்நார், பழைய மின்கருவிகளில் இருந்த பிசிபி என்ற நச்சு வேதிப்பொருள், ஓசோனைக் கெடுக்கும் வாயுக்கள், வெள்ளீயக் கரிமச் சேர்மம் கலந்த அடிப்பாகப் பெயிண்ட் ஆகியவை தடை செய்யப்பட்டவை. காட்மியம், ஈயம், பாதரசம், ஆறு இணைதிறன் குரோமியம், சில புரோமின் தீத்தடுப்பான்கள், கதிரியக்கப் பொருள்கள் போன்றவை வரம்பைத் தாண்டினால் பட்டியலில் ஏற வேண்டும். கல்நாருக்கான வரம்பு 0.1 சதவீதம். ஈயத்துக்கும் பாதரசத்துக்கும் கிலோவுக்கு 1,000 மில்லிகிராம், காட்மியத்துக்கு 100. ஐரோப்பியத் துறைமுகங்களுக்குப் போகும் கப்பல் என்றால் ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்டியல் இன்னும் நீளம்.

ஒப்பந்தத்தில் இப்படி எழுதச் சொல்வேன்: பொருள் வழங்கும் ஒவ்வொருவரும் பொருள் அறிவிப்புப் படிவமும் இணக்க உறுதிமொழியும் கொடுத்தால்தான் பில் பாஸாகும். பணத்தோடு கட்டிவிட்டால் காகிதம் தானாக வரும். கப்பலை ஒப்படைத்த பிறகு ஆயிரக்கணக்கான சப்ளையர்களைத் தேடிப் போவது நடக்காத காரியம்.

ஆனால் காகிதத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள், குறிப்பாகக் கல்நார் விஷயத்தில். 2011 ஜனவரி 1 முதல் புதிய கல்நார் எந்த வடிவிலும் கப்பலில் ஏறக்கூடாது என்பது, சோலாஸ் எனப்படும் சர்வதேசக் கடல் பாதுகாப்பு உடன்படிக்கையின் விதி. அதற்குப் பிறகு கட்டிய கப்பல்களிலும், இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட், பேக்கிங், சில தீத்தடுப்புப் பலகைகள் ஆகியவற்றில் கல்நார் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. சர்வதேசக் கடல்சார் அமைப்பே எச்சரித்துச் சுற்றறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. 'கல்நார் இல்லாதது' என்ற முத்திரைக்கு எல்லா நாட்டிலும் ஒரே அளவுகோல் கிடையாது. எனவே கேஸ்கெட், வால்வு பேக்கிங், பிரேக் லைனிங், தீத்தடுப்புப் பலகை ஆகிய நான்குக்கும் ஒவ்வொரு லாட்டிலிருந்தும் மாதிரி எடுத்து ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும் என்று தனியாக ஒரு விதி சேருங்கள். ஒரு கப்பலின் விலையோடு ஒப்பிட்டால் இந்தச் செலவு கண்ணுக்கே தெரியாது.

மூன்றாம் படி: பிரிக்க முடியாத கூட்டுப் பொருள்களைக் குறையுங்கள்

கப்பலின் எடையில் மிகப் பெரும்பகுதி எஃகு. எஃகைப் பற்றிக் கவலை இல்லை, அதற்குச் சந்தை இருக்கிறது. தொல்லை கொடுப்பவை எஃகோடு ஒட்டிக்கொண்டிருக்கும் மற்றவை.

எஞ்சின் அறைச் சுவரில் தீத்தடுப்பு இன்சுலேஷன் எப்படி நிற்கிறது என்று கிட்டப் போய்ப் பாருங்கள். நல்ல முறையில், சுவரில் மெல்லிய எஃகு ஊசிகள் வரிசையாக வெல்ட் செய்யப்பட்டிருக்கும். கனிமக் கம்பளியை அந்த ஊசிகளில் குத்தி மாட்டி, மேலே ஒரு வட்டத் தகடை அழுத்திவிடுவார்கள். உடைக்கும் நாளில் தகடை நெம்பினால் கம்பளி முழுப் பாளமாகக் கழன்று வரும். சுவர் சுத்தமான எஃகாக நிற்கும். இன்னொரு முறையில் நுரைப்பொருளைப் பிளேட்டின் மேல் நேராகத் தெளிப்பார்கள், அல்லது பசை போட்டு ஒட்டுவார்கள். அதைக் கழற்ற முடியாது. சுரண்ட வேண்டும், இல்லாவிட்டால் அப்படியே டார்ச்சை வைக்க வேண்டும். பாலியூரித்தேன் நுரை எரிந்தால் வரும் புகையில் ஹைட்ரஜன் சயனைடு இருக்கும். வரைபடத்தில் இந்த இரண்டு முறைகளுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு குறிப்புதான்.

சில இடங்களில் வேறு வழியில்லை. எல்என்ஜி கப்பலின் சவ்வு டேங்குகளில் நிக்கல் கலந்த மெல்லிய உலோகத் தகடு, பிளைவுட் பெட்டி, பெர்லைட் அல்லது கண்ணாடி இழை கலந்த நுரை என்று அடுக்கடுக்காக இருக்கும். மைனஸ் 162 டிகிரியில் திரவ வாயுவைத் தாங்க அது தேவை. அங்கே வடிவமைப்பாளர் செய்யக்கூடியது, அடுக்குகள் எந்த வரிசையில் பொருத்தப்பட்டன, எந்த இடத்தில் எந்தப் பசை பயன்பட்டது என்ற விவரத்தைப் பிரிக்கும் வரிசையில் எழுதி வைப்பது. உருண்டை வடிவ அலுமினிய டேங்குகள் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல்: இன்சுலேஷன் வெளிப்பக்கம் இருக்கிறது, உலோகம் ஒரே வகை.

கண்ணாடி இழைப் பிளாஸ்டிக் இன்னொரு தலைவலி. எஞ்சின் புகையைக் கழுவிச் சுத்தம் செய்யும் கருவி பொருத்திய கப்பல்களில் துருவைத் தவிர்ப்பதற்காக இந்தப் பைப்புகளைப் போடுகிறார்கள். உபயோகத்துக்குச் சரியான பொருள்தான், ஆனால் உருக்க முடியாது. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கரையெங்கும் பெருகிய ஃபைபர் படகுகளின் கதி என்ன என்று கடற்கரைக் கிராமங்களில் கேட்டுப் பாருங்கள். உடைந்த ஓடுகள் மணலில் கிடக்கின்றன, எடுத்துக்கொள்ள ஆளில்லை. கட்டுமரத்தைக் கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே காயப்போட்டுவிடுவார்கள். எந்த இணைப்பையும் வரையும்போது அந்தக் கயிற்றை நினைத்துக்கொள்ளலாம்.

கப்பல் உடம்பை போல்ட்டால் இணைக்கச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். பலத்துக்கும் நீர்க்கசிவுக்கும் வெல்டிங்தான் வழி. போல்ட் பொருந்தும் இடங்கள் வேறு: தங்கும் அறைகளின் உட்சுவர்கள், கூரைப் பலகைகள், தரைத் தகடுகள், பைப் தாங்கிகள், கேபிள் தட்டுகள், கருவிகளின் அடித்தளங்கள். 25 ஆண்டு உப்புக்காற்றில் நட்டு இறுகிப் போகும் என்பதால் அங்கே துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுக்கு ஒப்பந்தத்தில் இடம் கொடுங்கள்.

செம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. எஃகு உருக்கும்போது அதில் கலந்த செம்பைப் பிரிக்க முடியாது. செம்பு கூடினால், சூட்டில் உருட்டும்போது எஃகின் மேற்பரப்பு வெடிக்கும். கேபிள்கள் சுவரைக் கடக்கும் இடத்தில் இறுகும் பிசினை ஊற்றி அடைத்துவிட்டால், உடைக்கும்போது கேபிளைச் சுவரோடு சேர்த்து வெட்டிவிடுவார்கள். ரப்பர் கட்டைகளை அடுக்கி இறுக்கும் சட்டங்கள் வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. அவற்றைத் தளர்த்தினால் கேபிளை உருவி எடுக்கலாம். செம்புக்கும் நல்ல விலை, எஃகுக்கும் நல்ல தரம்.

நான்காம் படி: வெட்டும் கோட்டை நீங்களே வரையுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்வேன் என்று ஒருவர் சொன்னால், இதைச் செய்யுங்கள் என்பேன்.

இன்றைய கப்பல் முழுதாகக் கட்டப்படுவதில்லை. நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள பிளாக்குகளாகத் தனித்தனியே கட்டி, ராட்சத கிரேனால் தூக்கி, ஒன்றோடொன்று வெல்ட் செய்கிறார்கள். ஒவ்வொரு பிளாக்குக்கும் எடை தெரியும், ஈர்ப்பு மையம் தெரியும், எங்கே பிடித்துத் தூக்குவது என்று கணக்கு இருக்கும். கப்பல் மிதந்த மறுநாளே இந்த அறிவு முழுவதும் கோப்பில் புதைந்துவிடுகிறது. இருபத்தைந்து ஆண்டு கழித்து உடைப்பவர் அதே எஃகை எங்கே வெட்டுவது, துண்டு எவ்வளவு கனக்கும், எந்தப் பக்கம் சாயும் என்று அனுபவத்தால் ஊகிக்கிறார். ஊகம் தப்பினால் துண்டு ஆள் மேல் விழுகிறது.

ஆகவே பிளாக் வரைபடத்தை எடுத்துக்கொண்டு, அதன் மேல் இரண்டாவது வரைபடமாக உடைப்பு வரைபடத்தைத் தயாரியுங்கள். உடைப்புத் தளத்து கிரேன், கட்டும் தளத்து கிரேனைவிட மிகச் சிறியது. எனவே ஒவ்வொரு பிளாக்கையும் மேலும் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கோடு போட வேண்டும். கப்பலின் குறுக்குச் சட்டமான வெப் ஃபிரேமுக்கும், மூலைகளைத் தாங்கும் பிராக்கெட்டுகளுக்கும் கோடு சற்றுத் தள்ளிப் போகட்டும். இரட்டைத் தடிமன் உள்ள இடத்தில் வெட்டினால் வாயுவும் நேரமும் வீண். பைப்புகளும் கேபிள்களும் அந்தக் கோட்டைக் கடக்கும் இடத்தில், போல்ட்டைக் கழற்றிப் பிரிக்கக்கூடிய ஃபிளாஞ்ச் இணைப்போ கேபிள் இணைப்புப் பெட்டியோ வருமாறு அமையுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் எடையும் ஈர்ப்பு மையமும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

கிரேன் கொக்கியை மாட்டும் தூக்கும் காதுகளையும் கவனியுங்கள். பிளாக்கைத் தூக்குவதற்காக வெல்ட் செய்த காதுகளில் பலவற்றை, பிளாக் பொருந்தியதும் வெட்டி எறிந்துவிடுகிறார்கள். சரக்குக்கும் நடமாட்டத்துக்கும் இடைஞ்சல் இல்லாத இடங்களில் அவற்றை அப்படியே விட்டுவைக்கலாம். துரு தின்னும் என்பதால் கொஞ்சம் கூடுதல் தடிமன் கொடுத்து, உடைக்கும் முன்பு மறுசோதனை தேவை என்று குறிப்பிடுங்கள். கப்பலைச் சோதித்துத் தரச்சான்று தரும் கிளாஸ் நிறுவனத்திடம் ஆரம்பத்திலேயே பேசிவிட்டால் சிக்கல் இராது. காது இருந்தால் துண்டைத் தூக்கலாம். இல்லாவிட்டால் மணலில் விழவிடுவார்கள், அதோடு பெயிண்ட் செதிலும் எண்ணெயும் கடலுக்குப் போகும்.

வெட்டும் கோட்டில் பெயிண்டும் பெரிய பிரச்சினை. எபாக்ஸியும் பாலியூரித்தேனும் சூட்டில் சிதையும்போது வரும் புகை மூச்சுக்குழாயைக் கெடுக்கும். துத்தநாகம் கலந்த பிரைமர் ஆவியானால், வெல்டர்கள் நன்கறிந்த உலோகப் புகைக் காய்ச்சல் வரும். அடைபட்ட இடங்களில் வெட்டும் கோட்டிலிருந்து குறைந்தது 4 அங்குலத்துக்கு நச்சுப் பூச்சை அகற்ற வேண்டும், இல்லாவிட்டால் காற்றுக்குழாய் முகமூடி கொடுக்க வேண்டும் என்பது அமெரிக்கக் கப்பல் தளப் பாதுகாப்பு விதி. பிளேட்டின் இந்தப் பக்கம் சுரண்டிவிட்டு வெட்டினாலும், பின்பக்கத்துப் பூச்சு எரியும். அந்தப் பக்கம் டேங்கா, அறையா என்று வெட்டுபவருக்குத் தெரியாது.

கப்பலை நிலையாக வைக்கக் கடல்நீர் நிரப்பும் பேலஸ்ட் டேங்கில், வெட்டும் கோட்டைப் பூச்சு இல்லாமல் விட முடியாது. 15 ஆண்டு தாங்கும் பூச்சும் 320 மைக்ரான் தடிமனும் வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் எந்தப் பூச்சு என்பது உங்கள் தேர்வு. பாலியூரித்தேனில் சேரும் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இல்லாத பூச்சுகளை வெட்டும் கோடுகள் போகும் பகுதியிலாவது பயன்படுத்துங்கள்; இருபக்கமும் எது பூசப்பட்டது என்பதை உடைப்பு வரைபடத்தில் எழுதுங்கள்.

ஐந்தாம் படி: எண்ணெய் தங்க இடம் கொடுக்காதீர்கள்

2016 நவம்பர் 1 அன்று பாகிஸ்தானின் கடானியில், ஏசஸ் என்ற எண்ணெய்க் கப்பலை உடைத்துக்கொண்டிருந்தபோது வெடித்தது. குறைந்தது 26 பேர் இறந்தார்கள். எச்சம் முழுமையாக அகற்றப்படாமல் சூட்டு வேலை தொடங்கியதுதான் இப்படிப்பட்ட வெடிப்புகளின் வழக்கமான காரணம். அதைத் தடுப்பது முதலில் உடைப்புத் தளத்தின் பொறுப்பு, சந்தேகமில்லை. ஆனால் சுத்தம் செய்யவே முடியாத மூலைகளை வரைந்தவருக்கும் அதில் பங்கு உண்டு.

ஒரு பைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் அறைத் தரைத் தகட்டுக்குக் கீழே, இடம் போதாமல் ஒரு வளைவு கீழிறங்கி மேலேறுகிறது. பம்பை நிறுத்திவிட்டார்கள், டேங்கைக் காலி செய்துவிட்டார்கள், வால்வு திறந்துதான் இருக்கிறது. அந்த வளைவில் மட்டும் சில லிட்டர் கன எண்ணெய் கிடக்கிறது. பல மாதமாக அதிலிருந்து ஆவி கிளம்பிப் பைப்பை நிரப்பியிருக்கிறது. வெட்டுபவர் மேலே தெரியும் நேர்ப்பகுதியில் டார்ச்சை வைக்கிறார். வெளிப்பக்கம் பழைய பெயிண்ட். அது எண்ணெய் பைப்பா தண்ணீர் பைப்பா என்று சொல்லும் நிற வளையம் அழிந்து எத்தனையோ ஆண்டு. தீ முதலில் உள்ளே பிடிக்கிறது.

இதற்கு மருந்து எளியது. ஒவ்வொரு வளைவின் அடியிலும் ஒரு வடிகால் பிளக். பயன்பாட்டில் இல்லாத கிளைகளை முனை அடைத்து விட்டுவிடாமல் முற்றாக நீக்குவது. கை எட்டும் இடைவெளியில் ஃபிளாஞ்ச். முப்பரிமாண மாடலில் எல்லாத் தாழ்புள்ளிகளையும் மென்பொருளாலேயே கண்டுபிடிக்கலாம். விவர வடிவமைப்பு முடிந்ததும் அந்தத் தேடலை ஓட்டுங்கள்.

டேங்குகளின் அடித்தளம் உறிஞ்சும் குழியை நோக்கிச் சாயட்டும். தகடு வளையாமல் தாங்கும் விறைப்பூட்டிகளில் போடும் வடிகால் துளைகள், வெல்டிங் தடித்துப் போகும் மூலையிலும் அடைபடாத அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும். எரிபொருள் டேங்குக்கும் காலி அறைக்கும் நடுவில் உள்ள சுவர் என்றால், விறைப்பூட்டிகளைக் காலி அறைப் பக்கம் வைத்தால் டேங்கின் உள்சுவர் வழுவழுப்பாக இருக்கும். பக்கத்தில் பேலஸ்ட் டேங்க் இருந்தால் அங்கே சேறு தங்கும் என்பதால் இதைக் கண்மூடிச் செய்ய முடியாது.

இன்னொன்று பலரும் மறந்துவிடுவது: கன எரிபொருள் எண்ணெய் குளிர்ந்தால் கெட்டியாகிவிடும். கப்பல் ஓடும்போது நீராவிக் குழாய்கள் அதைச் சூடாக வைத்திருக்கும். கரையேறிய கப்பலில் பாய்லர் கிடையாது, மின்சாரம் கிடையாது. எனவே வெளியிலிருந்து நீராவியை இணைப்பதற்கு மேல்தளத்தில் ஒரு நிலையான இணைப்புமுனை கொடுங்கள். ஒரு வால்வும் சில மீட்டர் பைப்பும்தான் செலவு. அது இல்லாவிட்டால் அடியில் உறைந்த எண்ணெயை மண்வெட்டியால் அள்ளுவது மனிதனின் வேலையாகிறது.

ஆறாம் படி: ஆளும் காற்றும் போக வழி

உள்ளே போகும் முன்பு ஆக்சிஜனையும், வெட்டும் முன்பு எரியக்கூடிய வாயுவையும் சோதிக்க வேண்டும் என்கிறது ஹாங்காங் உடன்படிக்கை. சோதிக்க ஆள் போக வேண்டும். எண்ணெய்க் கப்பல்களிலும், தானியம், தாது போன்றவற்றைக் கொட்டி ஏற்றும் பெரிய பல்க் கேரியர்களிலும் கிடைமட்டத் திறப்பு குறைந்தது 600 × 600 மி.மீ., நிற்கும் திறப்பு 600 × 800 மி.மீ. இருக்க வேண்டும் என்று சோலாஸ் சொல்கிறது. மற்ற வகைக் கப்பல்களுக்கும் அதையே பின்பற்றுங்கள். முதுகில் காற்று உருளை மாட்டிய மீட்பாளர் நுழையக்கூடிய அளவு அது. ஒவ்வொரு அடைபட்ட அறைக்கும் எதிரெதிர் மூலைகளில் இரண்டு திறப்பு இருந்தால்தான் காற்று குறுக்காக ஓடும்.

ஏழாம் படி: பெரிய கருவிகள் வெளியேறும் பாதை

2006-இல் வந்த எம்மா மெர்ஸ்க் என்ற கண்டெய்னர் கப்பலின் பிரதான எஞ்சின் மட்டும் 2,300 டன். அதை முழுதாக எடுப்பதைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை, இருந்த இடத்திலேயே பிரிப்பார்கள். ஆனால் ஜெனரேட்டர், பாய்லர், குளிர்சாதன இயந்திரம், தீயணைப்பு வாயு உருளைகள் ஆகியவற்றுக்கு மேல்நோக்கி நேரான ஒரு பாதை வேண்டும். அந்தப் பாதையில் குறுக்கே வரும் தளத் தகடுகள் போல்ட்டால் பொருத்தியவையாக இருக்கட்டும். இந்தப் பாதை பழுதுபார்க்கும் காலத்திலும் உதவும் என்பதால், உரிமையாளரைச் சம்மதிக்க வைப்பது இங்கே எளிது.

புதிய எரிபொருள்கள் இந்தப் படியின் முக்கியத்துவத்தைக் கூட்டியிருக்கின்றன. 2015-இல் நார்வேயில் ஆம்பியர் என்ற மின்சாரப் படகு ஓடத் தொடங்கியதிலிருந்து லித்தியம் பேட்டரி கப்பலுக்குள் வந்துவிட்டது. மின்னேற்றம் மிச்சமிருக்கும் பேட்டரி அறையை டார்ச்சால் நெருங்குவது எவ்வளவு ஆபத்து என்று விளக்கத் தேவையில்லை. பேட்டரித் தொகுதிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, சிறு கிரேனால் தூக்கும் எடையில், நேராக மேல்தளத்துக்கு வரும்படி அமைய வேண்டும். அமோனியா எரிபொருள் கப்பல்களில், பைப்புகளை நைட்ரஜனால் துடைத்தெடுக்கும் இணைப்புகள் கப்பலின் சொந்த இயந்திரங்கள் நின்ற பிறகும் வேலை செய்யுமா என்று கேளுங்கள்.

எட்டாம் படி: தகவலை எஃகிலேயே எழுதுங்கள்

மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் 2011-இல் அறிவித்த டிரிபிள்-இ வகைக் கண்டெய்னர் கப்பல்கள் இந்தத் துறையில் நல்ல முன்மாதிரி. கொரியாவின் ஓக்போவில் தேவூ தளம் கட்டியவை. சுமார் 400 மீட்டர் நீளம், ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 60,000 டன் எஃகு. கப்பலின் எடையில் சுமார் 95 சதவீதப் பொருள்கள் என்ன, எங்கே என்று சொல்லும் ஒரு கடவுச்சீட்டை அவற்றுக்குத் தயாரித்தார்கள். நஞ்சைப் பட்டியலிடுவதோடு நிற்காமல், உயர்தர எஃகு எங்கே, சாதாரண எஃகு எங்கே என்றும் அது சொல்கிறது. எல்லாவற்றையும் ஒன்றாகக் குவித்தால் நல்ல எஃகும் மட்ட விலைக்குத்தான் போகும். பொருளின் மதிப்பைக் காப்பதும் நஞ்சைத் தவிர்ப்பதும் ஒரே ஆவணத்தில் சேர்ந்தது அந்த முயற்சியின் சிறப்பு.

ஆனால் எவ்வளவு நல்ல ஆவணமும் நான்காவது உரிமையாளரைத் தாண்டி வருமா என்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. கப்பலின் நிரந்தர அடையாளமான ஐ.எம்.ஓ. எண்ணைப் பாருங்கள். பெயர் மாறும், கொடி மாறும். அந்த எண் மட்டும் மாறாது. அதை எளிதில் அழிக்க முடியாதபடி, புடைத்த எழுத்தாகவோ வெட்டியோ பொறித்தோ எஃகிலேயே குறிக்க வேண்டும் என்கிறது சோலாஸ். அந்த முறையையே உடைப்புத் தகவலுக்கும் நீட்டிக்கலாம்.

வெட்டும் கோடுகளின் இரு முனையிலும் வெல்ட் மணியால், அதாவது புடைப்பாக இட்ட வெல்டிங் கோட்டால், ஒரு குறி, துண்டு எண், டன்னில் எடை. டேங்குச் சுவரின் வெளிப்பக்கத்தில், உள்ளே என்ன இருந்தது என்பதற்கு ஒரு பொறித்த தகடு. அபாயப் பொருள் உள்ள ஒவ்வொரு கருவியின் மேலும் பட்டியலில் உள்ள வரிசை எண். எந்த மொழிக்காரரும் புரிந்துகொள்ளும்படி குறியீடுகளைப் பயன்படுத்துங்கள். அலங்கில் வேலை செய்பவர்களில் பலர் ஒடிசா, பிகார், உத்தரப் பிரதேசம், ஜார்க்கண்ட் ஆகிய மாநிலங்களிலிருந்து வருபவர்கள். பெயிண்ட் அழியும், ஸ்டிக்கர் உதிரும். வெல்ட் மணி பிளேட் இருக்கும்வரை இருக்கும்.

காகிதப் பிரதியைக் கப்பலில் ஒன்று, கிளாஸ் நிறுவனத்தில் ஒன்று என்று வையுங்கள். நடுவில் பழுது பார்க்கும்போது மாற்றிய ஒவ்வொரு பொருளும் பட்டியலில் ஏற வேண்டும். அங்கேதான் பெரும்பாலும் சங்கிலி அறுகிறது: அவசரத்தில் ஏதோ துறைமுகத்தில் வாங்கிய ஒரு பெட்டி கேஸ்கெட் போதும், முழுப் பட்டியலும் சந்தேகத்துக்கு உள்ளாகிவிடும்.

ஒன்பதாம் படி: உடைப்பவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்

கருத்து வடிவமைப்பு முடிந்ததும் ஒரு முறை, விவர வடிவமைப்பு முடிந்ததும் ஒரு முறை, உடைப்புத் தளத்தில் பல ஆண்டு வேலை பார்த்த மேஸ்திரி ஒருவரை அழைத்து வரைபடங்களை அவர் முன் விரியுங்கள். எங்கிருந்து தொடங்குவீர்கள், எந்த இடத்தைப் பார்த்தால் பயமாக இருக்கிறது என்று கேளுங்கள். கட்டுமான வரைபடத்தைப் படிக்காதவராக இருந்தால் முப்பரிமாண மாடலைச் சுற்றிக் காட்டுங்கள். சம்பளம் கொடுத்து, ஆலோசகருக்குரிய மரியாதையோடு அழைக்க வேண்டும்.

செலவை யார் ஏற்பது என்ற கேள்வி இந்தக் கட்டத்தில் எழும். கப்பலை எடைக்கு இத்தனை டாலர் என்றுதான் விற்கிறார்கள். சுத்தமான கப்பலுக்குச் சந்தை பெரிதாகக் கூடுதல் விலை தருவதில்லை. முதல் உரிமையாளர் பத்துப் பதினைந்து ஆண்டில் கைமாற்றிவிடுவார் என்பதால் அவருக்கு லாபமும் இல்லை. ஆகவே அவருடைய மனசாட்சியை மட்டும் நம்பி இருக்க முடியாது. விதிகளும் கடன் கொடுக்கும் வங்கிகளும் அழுத்தம் கொடுக்க வேண்டும். 2017-இல் ஏபிஎன் ஆம்ரோ, ஐஎன்ஜி, என்ஐபிசி ஆகிய நெதர்லாந்து வங்கிகள் கப்பல் கடனோடு பொறுப்பான மறுசுழற்சி நிபந்தனைகளையும் சேர்க்கத் தொடங்கியதை இந்த வகையில் முக்கியமான திருப்பமாகக் கருதுகிறேன். இங்கே சொன்னவற்றில் வடிகால் பிளக், இன்சுலேஷன் ஊசி, வெல்ட் மணிக் குறி, நீராவி இணைப்பு போன்றவை வரையும்போதே சேர்த்தால் மிகக் குறைந்த செலவில் முடிபவை. இவற்றுக்கு அனுமதி கேட்டுக் காத்திருக்காமல் இன்றே உங்கள் தரநிலை வரைபடங்களில் சேர்த்துவிடலாம்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கப்பலுக்கு

பழைய கப்பல்களுக்கும் 2030 ஜூன் 26-க்குள், அல்லது அதற்கு முன்பே உடைக்கப் போனால் அப்போதே, பட்டியலின் முதல் பகுதி தயாராக வேண்டும். அடுத்த உலர்துறை வேலையை இதற்குப் பயன்படுத்துங்கள். இன்சுலேஷனும் தரைத் தகடும் கழன்றிருக்கும் அந்தச் சில நாள்களில் எடுக்கும் மாதிரி, கடலில் எடுப்பதைவிட எவ்வளவோ நம்பகமானது. திறந்து பார்க்க முடியாத இடங்களை 'அபாயப் பொருள் இருக்கக்கூடும்' என்று வகைப்படுத்த விதி இடம் தருகிறது. அந்தச் சலுகையை அதிகம் பயன்படுத்தினால் உடைப்பவர் முழுவதையும் நஞ்சாகவே கருத வேண்டிவரும். மாதிரி எடுத்த ஒவ்வொரு இடத்திலும் எண் பொறித்த சிறு உலோகத் தகடைப் பொருத்தி, அதே எண்ணைப் பட்டியலிலும் வரைபடத்திலும் எழுதச் சொல்லுங்கள். பயன்படாத பைப் கிளைகளையும் அதே உலர்துறையில் வெட்டி நீக்கிவிடுங்கள். சுத்தம் செய்து, வாயு சோதித்த பிறகு.